லேக் ஜெனிவாவில் ஒரு திடீர்த் தாக்குதல்!

அமெரிக்கா போய்விட்டு வந்தவனிடம் நம்மூரில் கேட்கப்படும் முதல் கேள்வி, "நயாகரா பார்த்தியா?" இரண்டாவது கேள்வி, "எனக்கு என்ன வாங்கிட்டு வந்தே?" இரண்டுக்கும் என்னிடம் பதில் கிடையாது. நான் பார்த்துவிட்டு வந்தது, ஷூ ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒருத்தரின் வீட்டை. அதுவும் வெளியில் நின்று!

நடந்தது இதுதான். 2025 செப்டம்பரில் அக்கா டிக்கெட் அனுப்பி மூன்று வாரம் வந்து இருக்கச் சொன்னாள். சிகாகோவுக்குப் பக்கத்தில் வீடு. ஏர்போர்ட்டில் பார்த்ததும் பார்க்காததுமாக, "ஆபீஸ்ல லீவு கிடைச்சுதாடா?" என்றாள்.

"அதெல்லாம் கிடைச்சுதுக்கா" என்றேன்.

கிடைக்காமல் என்ன? மொத்தமாகவே கிடைத்திருந்தது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

அக்கா பையனுக்கு, அதாவது என் மருமகனுக்குப் பதினாறு வயது. இரண்டாம் நாளே, "மாமா, சனிக்கிழமை லேக் ஜெனிவா போலாமா?" என்றான்.

"ஜெனிவாவா? அது ஸ்விட்சர்லாந்துடா. விசா?"

"இது விஸ்கான்ஸின் மாமா. கார்ல ஒன்றரை மணி நேரம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிறந்த ஊர்!"

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தெரியாதவர்களுக்கு இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டம். ஒருத்தர் கதை சொல்லி. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வீரன், மந்திரவாதி, பூசாரி. 'நீங்க ஒரு குகை வாசல்ல நிக்கறீங்க. என்ன செய்றீங்க?' என்று கதை சொல்லி கேட்பார். நாம் சொல்ல வேண்டும். நடக்குமா, நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். மச்சான் ஓட்ட, அக்கா மடியில் புளியோதரை டப்பா. வழியெல்லாம் மக்காச்சோளக் காடு. சிகாகோவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். கடைசி பத்து நிமிஷம் வரை, இந்தப் பொட்டலில் ஏரி எங்கேயிருந்து வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு திருப்பத்தில் வந்தது. நீலமாக, பெரிசாக, சுற்றிலும் மாளிகைகளோடு! சூயிங்கம் ராஜா ரிக்லி குடும்பம் மாதிரி சிகாகோ பணக்காரர்கள் கோடையைக் கழிக்கக் கட்டிய வீடுகள். ஊர் என்னவோ குட்டியூண்டு. எட்டாயிரம் பேர்தான் இருக்கும். ஏரியைச் சுற்றி 34 கிலோமீட்டருக்கு ஒரு ஒற்றையடிப் பாதை. பணக்காரர்கள் வீட்டுத் தோட்டத்துக்குள்ளேயே போகிறது. யார் வேண்டுமானாலும் நடக்கலாம். (நாங்கள் நடக்கவில்லை. புளியோதரை ஆறிவிடும்.)

இந்த ஊரில் நான் வாயைப் பிளந்து பார்த்த முதல் விஷயம், தபால் படகு. ரிவியரா என்ற பழைய கட்டடத்துப் படகுத் துறையில் காலையில் கிளம்புகிறது. நாமும் டிக்கெட் எடுத்து உட்கார்ந்துகொள்ளலாம். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை, ஏரிக்கரை வீடுகளுக்குத் தபால் இதில்தான் போகிறது. 1916-இல் ஆரம்பித்த பழக்கம். விசேஷம் என்னவென்றால் படகு நிற்காது! காலேஜ் வயசுப் பெண் ஒருத்தி தபாலோடு படகு விளிம்பில் நிற்கிறாள். படகு மரத்துறையை உரசினாற்போல் போகிறது. ஒரே தாவு! ஓடிப்போய்ப் பெட்டியில் தபாலைப் போட்டு, வெளியே போகிற தபாலை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, படகின் பின்பக்கத்தில் மறுபடி தாவி ஏறிவிடுகிறாள். ஒரு வினாடி யோசித்தால் தண்ணீரில்தான் தாவ வேண்டும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேர் தாவுவதும் உண்டாம்.

"இதுதான் மாமா இனிஷியேட்டிவ்" என்றான் மருமகன். "யார் முந்தி? படகா, அவளா?"

நான் தலையை ஆட்டி வைத்தேன். பாதி புரிந்தது.

ஊருக்குள் நடந்தோம். சென்டர் தெருவில் 330-ஆம் நம்பர் வீட்டுக்கு எதிரே நின்று, பையன் கோயில் வாசலில் நிற்பது மாதிரி நின்றான். சாதாரண வீடு. கேரி கைகாக்ஸ் என்பவர் இங்கே குடியிருந்தார். 1938-இல் பிறந்தவர். ஸ்கூல் படிப்பைப் பாதியில் விட்டவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாலிசிகளை எடைபோட்டுப் பார்க்கும் உத்தியோகம். ஓய்வு நேரமெல்லாம் பொம்மைச் சிப்பாய்களை வைத்து யுத்த ஆட்டம். 1968-இல் பக்கத்து பிராட் தெருவில் உள்ள ஹார்ட்டிகல்ச்சுரல் ஹாலை (அதுவும் 330-ஆம் நம்பர்தான்!) 50 டாலருக்கு வாடகை பிடித்து, தன்னைப் போன்ற ஆட்டப் பைத்தியங்களையெல்லாம் கூட்டி ஒரு மாநாடு போட்டார். பெயர் 'ஜென் கான்'. ஜெனிவா ஒப்பந்தத்தைக் கிண்டல் செய்து வைத்த பெயர். அதே மாநாடு பிற்பாடு இண்டியானாபோலிஸுக்குக் குடிபோய், 2023-இல் 70,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

இதெல்லாம் சரி. எனக்குச் சுருக்கென்றது அடுத்து அவன் சொன்னதுதான்.

1970-இல் கைகாக்ஸுக்கு இன்ஷூரன்ஸ் வேலை போய்விட்டது. வயசு 32. பிள்ளைகள் ஐந்து. மனிதர் வீட்டின் அடித்தளத்தில் ஒரு மெஷினைப் போட்டு ஷூ ரிப்பேர் செய்ய ஆரம்பித்தார். மிச்ச நேரத்தில் அதே இடத்தில் ஆட்டத்துக்கு விதிகள் எழுதினார். 1972 கடைசியில் மினசோட்டாவிலிருந்து டேவ் ஆர்னசன் என்பவர் வந்து, தான் உருவாக்கிய புது மாதிரி ஆட்டத்தை இங்கே ஆடிக் காட்டினார். இரண்டு பேர் மூளையும் சேர்ந்து பிறந்ததுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். வெளியிட எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. பால்ய சிநேகிதர் டான் கே தன் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி மேல் 1,000 டாலர் கடன் வாங்கினார். 1973-இல் டி.எஸ்.ஆர். என்று சொந்தக் கம்பெனி. 1974 ஜனவரியில் முதல் பதிப்பு: 1,000 பெட்டிகள், பெட்டிக்கு மூன்று புத்தகம், விலை 10 டாலர்.

"ஷூ தைச்சுக்கிட்டேவா எழுதினார்?" என்று இரண்டாம் தரம் கேட்டேன்.

"ஆமா மாமா. ஏன்?"

"ஒண்ணுமில்லை."

* * *

ஏரியைப் பார்த்தபடி ஊர் நூலகம் இருக்கிறது. அதை ஒட்டிய பூங்காவில் ஒரு மர மேஜையைப் பிடித்தோம். புளியோதரை முடிந்ததும் பையன் பையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தான். 1981 பதிப்பு. செகண்ட் ஹேண்டில் வாங்கியதாம். புது விதியெல்லாம் மாமா தலைக்குத் தாங்காது என்று பெரிய மனசு பண்ணிப் பழைய விதியைக் கொண்டு வந்திருந்தான்.

நான் வீரன். மொத்த உயிர் 4 புள்ளி. மச்சான் பூசாரி. இந்தப் பதிப்பில் முதல் நிலைப் பூசாரிக்கு ஒரு மந்திரமும் கிடையாது. "வீட்லயும் அப்படித்தான்" என்றாள் அக்கா. அவள் 'எல்ஃப்'. கூர்மையான காது கொண்ட வனவாசி. ஒரே ஒரு மந்திரம் தெரியும்: தூங்கவைப்பது.

"பாதாளத்துல ஒரு மூடின கதவு. என்ன செய்றீங்க?"

"உதைக்கிறேன்!" என்றேன்.

"இருடா" என்றாள் அக்கா. "வாசல்ல செருப்பு இருக்கா?"

"அம்மா! காப்ளின் செருப்பெல்லாம் போடாது!"

"சரி, காலடித் தடமாவது இருக்கா?"

பையன் ஒரு கணம் யோசித்தான். "இருக்கு. சின்னச் சின்னதா. உள்ளே போயிருக்கு, வெளியே வரலை."

"அப்ப கதவுல காது வெச்சுக் கேக்கறேன்."

நம்புங்கள், ஒட்டுக் கேட்பதற்கே இந்த ஆட்டத்தில் தனி விதி இருக்கிறது! மனுஷனுக்கு ஆறுமுகப் பகடையில் 1 விழுந்தால் கேட்கும். எல்ஃப் சாதிக்கு 1 அல்லது 2. அக்கா உருட்டினாள். 2! உள்ளே கிசுகிசு சத்தம். நாலு குரல்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? மெதுவாகத் திட்டம் போடுவான். நான் என்ன செய்தேன்? "நாலுதானே!" என்று கதவை உதைத்தேன். கதவு திறக்க 1 அல்லது 2 விழ வேண்டும். விழுந்தது 5. தடால் என்று சத்தம்தான் வந்தது. கதவு அப்படியே இருந்தது.

"மாமா, இப்ப உள்ளே இருக்கறவங்களுக்கு நீங்க வந்தது தெரிஞ்சுபோச்சு. இனிமே அவங்களை நீங்க சர்ப்ரைஸ் பண்ண முடியாது. அவங்க உங்களைப் பண்ணலாம்."

சர்ப்ரைஸ் விதி இதுதான். இரண்டு கோஷ்டி எதிரெதிரே சந்திக்கும்போது, ஆளுக்கு ஒரு பகடை. 1 அல்லது 2 விழுந்தால் அந்தக் கோஷ்டி திகைத்து நிற்கும். எதிரி ஒரு சுற்று இஷ்டப்படி அடிக்கலாம். திருப்பி அடிக்க முடியாது. இரண்டு பேருமே திகைத்தால் கணக்கு நேர்.

பி.காம். படித்த பாவத்துக்கு நான் அங்கேயே பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டேன். நாம் மட்டும் மாட்டிக்கொள்ள வாய்ப்பு 9-இல் 2. அவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ள 9-இல் 2. இரண்டு பேரும் முழிக்க 9-இல் 1. ஒருவரும் முழிக்காமல் இருக்க 9-இல் 4. டேலி! ஆனால் நான் கதவை உதைத்துச் சத்தம் போட்டுவிட்டதால், பகடை போட வேண்டியது நாங்கள் மட்டும். மாட்டும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. அதாவது நூற்றுக்கு 22-ஆக இருந்ததை 33 ஆக்கியிருக்கிறேன். ஒரு உதையின் விலை 11 பர்சென்ட்!

இரண்டாம் உதையில் கதவு திறந்தது. சர்ப்ரைஸ் பகடை போட்டேன். 1.

"மாமா, யூ ஆர் சர்ப்ரைஸ்டு!" பையனுக்கு அப்படியொரு சந்தோஷம். ஒரு காப்ளின் ஈட்டியால் குத்தி, என் 4 உயிரில் 3 போயிற்று.

"முடிஞ்சுதா ஆட்டம்?" என்றேன்.

"ஏன் முடியணும்? சர்ப்ரைஸ் ஒரு ரவுண்டுதான் மாமா. இப்ப இனிஷியேட்டிவ் போடணும். ரெண்டு பக்கமும் புதுசா!"

இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். சர்ப்ரைஸ் வேறு, இனிஷியேட்டிவ் வேறு. முதலாவது, 'நீ கவனிச்சியா?' என்ற கேள்வி. இரண்டாவது, 'சரி, இப்ப யார் முந்தி?' என்ற கேள்வி. கவனிக்காமல் வந்து அடிவாங்கினவன் என்பதற்காக அடுத்த பகடையில் ஒரு புள்ளி கூடக் குறைப்பதில்லை. இரண்டு பக்கமும் ஆறுமுகப் பகடை ஒன்று. பெரிய எண் முந்தும். ஒவ்வொரு சுற்றுக்கும் மறுபடி போட வேண்டும்.

முந்துவது ஏன் முக்கியம்? அக்கா தூக்க மந்திரம் போடப்போவதாகச் சொல்லிவிட்டாள். முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் பகடை. காப்ளின்கள் முந்தி அவளை ஒரு அடி அடித்தால், மந்திரம் அவ்வளவுதான், பாதி வாயிலேயே போச்சு. அவர்களுக்கு 3 விழுந்தது. அக்கா உருட்டினாள். 6!

நாலு காப்ளினும் குறட்டை.

"உன்னையும் உங்கப்பாவையும் தூங்கவெச்ச கை. இதுங்க எம்மாத்திரம்!" என்றாள் அக்கா. மச்சான் கடைசி வரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பங்கு கேட்டார்.

* * *

டீக்கு நடந்துபோகும்போது பையன் இந்த இரண்டு விதிகளின் பூர்வோத்தரத்தையும் சொன்னான். 1974 முதல் பெட்டியிலேயே சர்ப்ரைஸுக்கு அந்த 1, 2 கணக்கு இருக்கிறது. ஆனால் 'யார் முந்தி?' என்பதற்குத் தெளிவாக விதியே எழுதவில்லை! அதற்குக் கைகாக்ஸ் 1971-இல் வெளியிட்ட பழைய யுத்த ஆட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். 1977 பதிப்பில், சுறுசுறுப்பு அதிகமுள்ளவன் முந்துவான் என்றார்கள். 1979-இல் கைகாக்ஸ் விலாவாரியாக எழுதுகிறேன் என்று உட்கார்ந்தார். ஒரு சுற்று ஒரு நிமிஷம். அதைப் பத்தாகக் கூறுபோட்டு ஆறாறு வினாடி. எந்த ஆயுதம் எத்தனை வேகம் என்று தனிக் கணக்கு. வருமானவரி ஃபாரம் தோற்றது! ரசிகர் ஒருத்தர் பல வருஷம் கழித்து அந்தக் குழப்பத்தை விளக்கவே பக்கம் பக்கமாக ஒரு கோனார் நோட்ஸ் தயாரிக்க வேண்டியிருந்தது.

2000-இல் வந்த பதிப்பில் ஆளாளுக்கு இருபதுமுகப் பகடை; ஒரு தடவை போட்டால் சண்டை முடியும் வரை அதே வரிசை. 2014-இல், திகைத்தவனுக்கு முதல் முறை போச்சு. 2024-இல் அதையும் தளர்த்திவிட்டார்கள். திகைத்தாலும் உன் முறை உனக்குண்டு. இரண்டு பகடை போட்டு, அதில் சின்ன எண்ணை எடுத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் நில், அவ்வளவுதான். ஐம்பது வருஷத்தில் ஆட்டத்துக்கு மனசு இளகியிருக்கிறது. ஆபீஸ்கள்தான் இன்னும் 1974-லேயே இருக்கின்றன.

ஆமாம், அந்தக் கதைக்கு வந்துவிட்டேன்.

அதற்கு எட்டு மாசத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை. ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷமாக அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் எதற்கு? காலையில் கூப்பிட்டார்கள். ஒரு கவர், ஒரு கை குலுக்கல், மத்தியானம் வீடு. எனக்கு ஒன்றுமே தெரியாமல் நடந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். மூன்று மாசமாகப் புது ஸாஃப்ட்வேர் வந்துகொண்டிருந்தது. 'நீங்க பாக்கற வேலையெல்லாம் ஒரு ஃபைல்ல எழுதிக் குடுங்க' என்றார்கள். பெருமையாக நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. வாசலில் அத்தனை செருப்பு இருந்தும் நான் பார்க்கவில்லை. உள்ளே போய் 1 போட்டேன்.

அதில் தப்பில்லை, யாருக்கும் விழும். கைகாக்ஸுக்கு ஒரு தடவையா விழுந்தது? பாலிசியை அடகு வைத்துப் பணம் போட்ட டான் கே, 1975 ஜனவரியில் 36 வயசில் மாரடைப்பில் போய்விட்டார். 1985-இல் பங்குகள் கை மாறி, கைகாக்ஸ் தான் ஆரம்பித்த கம்பெனியிலேயே அதிகாரம் இழந்து, அடுத்த வருஷம் வெளியேறினார். 1997-இல் கம்பெனியே விலைபோய் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போயிற்று. மனிதர் இதே ஊரில் இருந்துகொண்டு 2008 மார்ச்சில் இறக்கும்வரை எழுதிக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருந்தார். அவர் இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் சேர்ந்து ஆடியதுதான் 'கேரி கான்' என்று இன்றைக்கும் வருஷா வருஷம் மார்ச்சில் இங்கே நடக்கிறது.

என் தப்பு வேறு. ஒரே ஒரு சுற்றுத் திகைக்க வேண்டியவன், எட்டு மாசம் திகைத்து நின்றுகொண்டிருந்தேன். பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்திருந்தேன், வந்துகொண்டும் இருந்தது. ஆனால் வீட்டில் பெண்டாட்டியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பையனும் மச்சானும் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றார்கள். அக்காவும் நானும் படகுத் துறையில் உட்கார்ந்திருந்தோம். காலையில் தாவிய பெண் ஞாபகத்துக்கு வந்தாள். சரி, இந்தத் தடவை நாம் முந்திக்கொள்வோம் என்று தாவிவிட்டேன்.

"அக்கா, எனக்கு வேலை போயிடுச்சு. எட்டு மாசமாச்சு."

அக்கா ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டா."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. செப்டம்பர் மாசம், டாக்ஸ் ஆடிட் நேரம். அக்கவுண்ட்ஸ்காரனுக்கு மூணு வாரம் எவன்டா லீவு தருவான்?"

செருப்பைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கிற சாதி!

"அப்ப ஏன்க்கா கேக்கலை?"

"நீயாச் சொல்லணும்னு இருந்தேன். சரி, இப்ப என்ன செய்யறே?"

"எழுதறேன்க்கா."

"எழுது. முதல்ல அம்மாவுக்குச் சொல்லு. வேற யார் மூலமாவது தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும். இப்ப கூப்பிடாதே, அங்கே விடியக்காலை மூணரை."

ராத்திரி எட்டு மணிக்கு, ஊரில் காலை ஆறரைக்கு, போன் போட்டேன். நெஞ்சு படபடக்கச் சொல்லி முடித்தேன்.

"ஐயோ, இதைச் சொல்லவா காலங்காத்தால கூப்பிட்டே?" என்றாள் அம்மா. "உன் பொண்டாட்டி அன்னிக்கே சொல்லிட்டாளே! நூலகத்துல ஃபேன் ஓடுதா? அதைச் சொல்லு முதல்ல."

ஆக, எங்கள் குடும்பத்திலேயே சர்ப்ரைஸ் ஆனவன் நான் ஒருத்தன்தான்!